நாணயச் சேகரிப்பும் கிடைப்பிடச் சான்றும்: கரூர்க் கிரேக்கக் காசுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்தில் கிடைக்கும் அயல்நாட்டுக் காசுகளுள் உரோமானியக் காசுகள் பெற்ற கவனத்தைக் கிரேக்கக் காசுகள் பெறவில்லை. எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு என்பது ஒரு காரணம். அவற்றுள் பலவும் முறையான அகழாய்வில் மண்ணடுக்கு வரிசையோடு கிடைக்காமல், ஆற்றுமணலிலிருந்து வணிகர் கைக்கும் வணிகர் கையிலிருந்து சேகரிப்பாளர் பேழைக்கும் வந்து சேர்ந்தவை என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணமே ஆய்வுக்குரியது. அகழாய்வுக் குழியில் கிடைக்காத காசை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளலாமெனின் எந்த அளவுக்கு என்ற வினாவிற்கு விடை காணாமல், உரோமானியருக்கு முந்தைய யவனர் தொடர்பு பற்றி இக்காசுகளைக் கொண்டு எழுதப்படும் எதுவும் உறுதி பெறாது.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்தனவாக வெளியிடப்பட்ட கிரேக்கக் காசுகளை முதன்மையாகக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்குக் காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகக் கடலை அடையும் பாலாற்றுப் படுகை எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓர் ஆற்றில் காசு கிடைப்பதும் மற்றோர் ஆற்றில் கிடைக்காததும் பண்டைய வணிகத்தின் விளைவா, இன்றைய சேகரிப்பின் விளைவா என்பதே இவ்வொப்பீட்டின் நோக்கம்.

கரூர்த் தொகுப்பு உருவான வழி

அமராவதி ஆற்றின் கரையில் அமைந்த கரூர், சங்ககாலச் சேரரின் வஞ்சி எனப் பலராலும் ஏற்கப்பட்ட ஊர். ஆற்றில் நீர் வற்றும் காலங்களில் மணலை அரித்துப் பொன்துகளும் உலோகத்துண்டும் தேடுவது அங்கு ஒரு தொழிலாகவே இருந்தது. மணல் அரிப்போர் கையில் கிடைத்த காசுகள் எடைக்கணக்கில் உலோக வணிகரிடமும், பின்னர் மதுரை போன்ற ஊர்களின் நாணய வணிகரிடமும் சென்றன. செம்பு பாத்திரக் கடைக்கும் வெள்ளி தட்டார் உலைக்கும் போய்ச் சேர்வதே நெடுங்காலம் இயல்பாக இருந்த முடிவு.

இவ்வோட்டத்தை இடைமறித்தவர்களுள் தலையாயவர் தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு: 2021). மதுரை நாணய வணிகரிடம் வாங்கிய காசுகளைத் தூய்மை செய்து ஆராய்ந்து, பெருவழுதி என்ற பெயர் தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை 1980-களின் நடுவில் அவர் வெளிப்படுத்தினார். சங்ககால மூவேந்தர் பெயரோடு காசு வெளியிட்டனரா என்ற ஐயத்திற்கு அதுவே விடையானது. தொடர்ந்து மாக்கோதை, குட்டுவன்கோதை, கொல்லிப்பொறை ஆகிய பெயர்கள் பொறித்த சேரர் காசுகள் அறியப்பட்டன. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997-இல் வெளிவந்தது. கரூரில் கிடைத்த உரோமானியர் அல்லாத பிற அயல்நாட்டுக் காசுகளுக்கெனத் தனி நூலொன்றை 2000-இல் அவர் வெளியிட்டார்.

கிரேக்க உலகைச் சார்ந்த காசுகள் இப்பின்னணியிலேயே தமிழ் ஆய்வுலகிற்கு வந்தன. சிரியாவை ஆண்ட செலூக்கிய மரபினர், பினீசிய நகரங்கள், உரோடுசுத் தீவு, கிரீட்டுத் தீவு, திரேசு, தெசாலி ஆகிய பகுதிகள் கரூர்க் காசுகளின் பிறப்பிடங்களாகச் சுட்டப்பட்டுள்ளன. இப்பட்டியலில் ஒரு செய்தி உடனே கண்ணில் படுகிறது. இவை ஒரே அரசின் காசுகள் அல்ல. நடுநிலக்கடலின் கீழ்க்கரையும் ஏசியன் கடற்பகுதியும் இதில் கலந்து நிற்கின்றன. ஒரு புதையலாக ஒரே நேரத்தில் வந்தவை இத்தனை சிதறிய பிறப்பிடங்களைக் காட்டுதல் அரிது. பல கைகள் வழியாகப் பல காலங்களில் வந்து ஆற்றில் தங்கியவை என்று கொள்வதே பொருந்தும்.

காசின் மூன்று காலங்கள்

காசாய்வில் அடிக்கடி நேரும் பிழை, அச்சிடப்பட்ட காலத்தையே வந்துசேர்ந்த காலமாகக் கொள்வது. ஒரு காசுக்கு மூன்று காலங்கள் உண்டு: அச்சிடப்பட்ட காலம், கிடைத்த நாட்டிற்கு வந்த காலம், மண்ணில் தவறிய காலம். முதலாவதைக் காசே சொல்லும். மூன்றாவதை மண்ணடுக்கு சொல்லும். இரண்டாவதை வேறு சான்றுகளால் ஊகித்தே அறிய வேண்டும். ஆற்றுமணலில் கிடைத்த காசில் மூன்றாவதும் அழிந்துவிடுகிறது. எனவே எஞ்சுவது முதற்காலம் மட்டுமே.

இதன் விளைவை விளக்கப் பெரிப்ளூசு என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கடல்வழி நூல் பெரிதும் உதவுகிறது. பாரிகாசா என்ற பரூச்சுத் துறைமுகத்தில், அப்பொலொதோத்தசு, மெனாந்தர் ஆகியோரின் பெயர் கிரேக்க எழுத்தில் பொறித்த பழைய திராக்மா காசுகள் அந்நாளிலும் வழங்கின என்று அந்நூல் குறிக்கிறது. மெனாந்தர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டவர். பாலி நூல் மிலிந்தன் என்று அழைப்பவர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் காசு சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது. வெள்ளி தேயும், ஆனால் மதிப்பிழப்பதில்லை. ஆகவே கரூரில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தால், அந்த நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் கரூருக்கு வந்தார் என்பது அதனால் மெய்ப்பிக்கப்படுவதில்லை. உரோமானியக் கப்பலில், உரோமானியக் காசுகளோடு கலந்து, கி.பி. முதல் நூற்றாண்டில் அக்காசு வந்திருக்கவும் கூடும். மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றிலிருந்து இந்திய வணிகர் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

இதே சிக்கல் உரோமானிய வெள்ளிக்காசுகளிலும் உண்டு. கொங்குநாட்டில் பூதிநத்தம் முதலிய இடங்களில் கிடைத்த புதையல்களில் அகசுடசு, திபேரியசு ஆகியோரின் தினாரியசுகளே மிகுதி. நீரோ மன்னன் கி.பி. 64-இல் தினாரியசின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் பழைய காசுகளையே தமிழக வணிகர் விரும்பியிருத்தல் இயல்பு. அவ்வாறாயின், திபேரியசின் முகம் பொறித்த காசு திபேரியசுக்குப் பல ஆண்டுகள் பிந்தியும் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டிருக்கலாம். இதனால்தான் உரோமானியக் காசுகளின் ஏற்றுமதிக் காலம் பற்றி நாணயவியலாரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. நூற்றுக்கணக்கில் கிடைத்த காசுகளுக்கே இந்நிலை என்றால், விரல்விட்டு எண்ணத்தக்க கிரேக்க வெள்ளிக்காசுகளின் மீது பெரிய முடிவுகளை ஏற்றுவதில் எச்சரிக்கை வேண்டும்.

எடைத்தரமும் உலையும்

வெள்ளிக்காசு ஏன் அரிதாக எஞ்சுகிறது என்பதற்கு எடைத்தரமே விடை தருகிறது. ஏதென்சு எடைத்தரத்தில் ஒரு திராக்மா ஏறத்தாழ 4.3 கிராம், நான்கு திராக்மா மதிப்புள்ள பெருங்காசு ஏறத்தாழ 17.2 கிராம். இந்தோ-கிரேக்க மன்னர் இந்தியத் தரத்திற்கேற்பக் குறைத்து வெளியிட்ட திராக்மா ஏறத்தாழ 2.4 கிராம். இந்தியாவெங்கும் வழங்கிய வெள்ளி முத்திரைக்காசு ஏறத்தாழ 3.4 கிராம். அகசுடசு காலத்துத் தினாரியசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

இவ்வெண்களை அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. ஏதென்சுத் தரப் பெருங்காசு ஒன்று ஐந்து முத்திரைக்காசுகளின் எடைக்கு நெருங்கி வருகிறது. அயல்நாட்டு மன்னன் முகமோ தெய்வ உருவமோ பொறித்த காசைக் கைமாற்றுவதைவிட, அதனை உருக்கி உள்ளூர்த் தரத்தில் மீண்டும் வெட்டுவது எளிது. தினாரியசோ எடையில் முத்திரைக்காசுக்கு அண்மையது, உருக்காமலே வழங்கத்தக்கது. அது பெருமளவில் எஞ்சியதற்கும் கிரேக்கப் பெருங்காசு எஞ்சாமற்போனதற்கும் இவ்வேறுபாடும் ஒரு காரணமாகலாம். சேரர் வெள்ளிக்காசான மாக்கோதையில் காணப்படும் தலையுருவம் உரோமானியக் காசின் அமைப்பை நினைவூட்டுவது. அயல் வெள்ளியின் வடிவத்தைப் பின்பற்றிய அக்காசின் உலோகத்தில், உருக்கப்பட்ட அயல் வெள்ளியும் கலந்திருக்கக்கூடும்.

காசு மறைந்தாலும் சொல் மறையவில்லை என்பதைத் தமிழாய்வாளர் கருத வேண்டும். கல்வெட்டுகளில் வரும் திரமம் என்னும் நாணயப் பெயர், திரம்மம் என்ற வடமொழி வடிவத்தின் வழியே கிரேக்கத் திராக்மாவிற்குச் செல்வது. இடைக்காலத் திரமம் கிரேக்கக் காசு அன்று. அதன் எடையும் உலோகமும் வேறு. எனினும் ஓர் அயல் வெள்ளிக்காசின் பெயர் நாணயத்திற்குரிய பொதுப்பெயராகி ஆயிரம் ஆண்டுகள் நிலைத்தது என்றால், அக்காசு இந்தியச் சந்தையில் அரும்பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது. யவனர் என்ற சொல்லும் அவ்வாறே. அயோனியக் கிரேக்கரைக் குறித்துப் பிறந்து, பின்னர் மேற்கிலிருந்து வந்தோர் அனைவருக்கும் பொதுவானது.

செம்புக்காசின் சாட்சி

பெருமதிப்புடைய வெள்ளிக்காசைவிடச் சிறுமதிப்புடைய செம்புக்காசு இவ்வாய்வில் சில இடங்களில் வலிய சான்றாகிறது. முரண்போலத் தோன்றினும் காரணம் எளியது. வெள்ளி உலோக மதிப்பிற்காகவே ஏற்றுமதியாகும். எத்தனை இடைத்தரகர் வழியாகவும் எவ்வளவு தொலைவும் செல்லும். அந்தியோக்கு நகரத்துச் சிறு செம்புக்காசு அந்நகரச் சந்தைக்கு வெளியே பெரும்பாலும் மதிப்பற்றது. அதனைப் பொருள் வாங்குவதற்கென எவரும் கடல் கடந்து கொண்டுவருவதில்லை. பயணியின் மடிப்பையில் தற்செயலாகத் தங்கி, வந்த இடத்தில் தவறுவதே அதன் இயல்பு. எனவே செலூக்கியச் செம்புக்காசு கரூரில் உண்மையாகவே தவறியிருக்குமாயின், பணத்தைவிட ஆளையே அது சுட்டும். தேய்ந்த உரோமானியச் செம்புக்காசுகள் இங்கே சில்லறையாக வழங்கிய பிற்காலத்தில், உருவில் ஒத்த பழைய கிரேக்கச் செம்பும் அவற்றோடு கலந்து வந்திருக்கலாம் என்ற மறுப்பு இதற்கு உண்டு. அம்மறுப்பையும் புறந்தள்ள இயலாது.

காசுக்கு வெளியே உள்ள சான்றுகள் இங்கு உதவிக்கு வருகின்றன. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரையும் யவன மன்னன் அந்தியோகனையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. தமிழ் வேந்தரும் செலூக்கிய மன்னரும் ஒரே அரசியல் அறிவெல்லைக்குள் இருந்தனர் என்பது இதனால் பெறப்படும். அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுள் கிரேக்கத் தீவான கோசு சார்ந்த மதுச்சாடிகளை இனங்கண்டு, தொடர்பின் தொடக்கத்தை அகசுடசு காலத்திற்கு முன்னே கொண்டுசென்றார். உடைந்த சாடிக்கு உலோக மதிப்பில்லை. அதனை எவரும் இரண்டு நூற்றாண்டு பாதுகாத்து மறு ஏற்றுமதி செய்வதில்லை. காசும் சாடியும் ஒரே திசையைச் சுட்டும் இடத்தில்தான் காசின் சொல் ஏற்கத்தக்கதாகிறது.

போலியும் இடமாற்றமும்

சேகரிப்பாளர் வழிவந்த காசின்மீது இருவகை ஐயம் எழும். காசே போலியா என்பது ஒன்று. காசு உண்மையானதாயினும் கிடைப்பிடம் பொய்யா என்பது மற்றொன்று. இரண்டாவது ஐயமே கடுமையானது. கரூர் என்ற பெயருக்கு மதிப்பு வந்தபின், வேறு எங்கோ கிடைத்த காசையும் கரூர்க் காசென்று விற்பதில் வணிகருக்கு ஆதாயம் உண்டு. கிரேக்க உலகின் சிறுகாசுகள் உலக நாணயச் சந்தையில் குறைந்த விலைக்கே கிடைப்பவை. அவை இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் அரிதன்று.

இவ்வையத்தைக் காசின் உடலைக் கொண்டே ஓரளவு தீர்க்கலாம். ஆற்றுமணலில் நெடுங்காலம் உருண்ட காசின் விளிம்பும் மேடும் ஒருசேர மழுங்கியிருக்கும். கைமாறித் தேய்ந்த காசிலோ மேடுகள் மட்டும் தட்டையாகிப் பள்ளங்கள் கூர்மையாக எஞ்சும். மண்ணில் கிடந்த வெள்ளியின்மேல் வெள்ளிக் குளோரைடு கரும்படலமாகப் படிந்திருக்கும். அதனுள் மணற்துகள் சிக்கியிருப்பின் அத்துகளையே கனிம ஆய்வுக்கு உட்படுத்தலாம். அமராவதி மணலும் சிரியக் கடற்கரை மணலும் ஒன்றல்ல. கெடுவாய்ப்பாக, வணிகரும் சேகரிப்பாளரும் முதலில் செய்வது இப்படலத்தைப் புளியாலோ அமிலத்தாலோ தேய்த்து நீக்குவதுதான். எழுத்தும் உருவும் பளிச்சிடுகின்றன, ஊர் அழிந்துபோகிறது.

உலோகக் கலவையை அறிய இன்று பெரிதும் பயன்படும் ஊடுகதிர் ஒளிர்வு முறை காசைச் சிதைக்காதது என்பதால் விரும்பத்தக்கதே. ஆயின் அது மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது. மண்ணில் கிடக்கும் கலப்பு வெள்ளியிலிருந்து செம்பு முதலில் கரைந்து வெளியேறுவதால், மேற்பரப்பு உள்ளீட்டைவிடத் தூய்மையாகத் தோன்றும். அளவீட்டு எண்ணை அப்படியே தூய்மை விழுக்காடாக வெளியிடும் கட்டுரைகள் இதனைக் கருத்தில் கொள்வதில்லை. எடையையும் ஒப்படர்த்தியையும் உடன்வைத்தே முடிவு காண வேண்டும்.

போலியைப் பொறுத்தவரை, உலகெங்கும் மிகுதியாகப் போலி செய்யப்படுபவை ஏதென்சின் ஆந்தைக்காசு, சிங்கத்தோல் போர்த்த எராக்ளிசு தலையுடைய அலெக்சாந்தர் வகைக்காசு போன்ற எழில்மிக்க வெள்ளிக்காசுகளே. வார்ப்புப் போலியில் விளிம்புத் தழும்பும் காற்றுக்குமிழியும் காணப்படும். தேய்ந்து உருவழிந்த, பெயர் அறிய அரிதான சிறுகாசைப் போலி செய்வதில் எவருக்கும் ஆதாயமில்லை. அவ்வகையில், அழகற்ற காசு என்பதே கரூர்த் தொகுப்பின் பெரும்பகுதிக்கு ஒரு காப்பு. மேலும் கிரேக்கக் காசு கரூரில் கிடைக்கும் என்ற செய்தி பரவுவதற்கு முன், பிற உள்ளூர்க் காசுகளோடு கலந்த குவியலில் இனங்காணப்படாமல் வந்தவற்றுக்கு நம்பகத்தன்மை கூடுதல். எந்த ஆண்டில், எந்தக் குவியலில், எவற்றோடு சேர்ந்து வாங்கப்பட்டது என்ற குறிப்பு இதனால் காசின் படத்தினும் இன்றியமையாதது.

பாலாற்றுப் படுகை

இனி ஒப்பீடு. கிரேக்கக் காசு என்றவுடன் ஆய்வாளர் நினைவுக்கு வருவது அமராவதியே, பாலாறு அன்று. ஆயினும் பாலாற்றுப் படுகை பண்டைக் கடல்வணிகத்திற்கு அயலானது அன்று. அதன் முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வில் மதுச்சாடித் துண்டுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. காஞ்சிபுரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட அகழாய்வுகள் சக்கர அலங்காரப் பானையோடுகளை வெளிக்கொணர்ந்தன. இவ்விரு இடங்களையும் இணைக்கும் ஆற்றுவழியில் வாலாஜாபாத் நிற்கிறது. ஊர்ப்பெயர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவினால் வந்த பிற்காலப் பெயர். வழியோ மிகப் பழையது. ஊருக்குக் கிழக்கே திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கின்றன. நீர்வழியும் நிலவழியும் கூடும் இத்தகைய இடங்களே காசு தவறுவதற்கு ஏற்றவை.

எனினும் கரூரை ஒத்த சேகரிப்புச் சங்கிலி இங்கு உருவாகவில்லை. அமராவதியில் மணல் கைச்சல்லடையில் அரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டு உலோகமும் மனிதக் கண்ணுக்குத் தப்பவில்லை. பாலாற்றில், வாலாஜாபாத்தை அடுத்த பகுதிகள் உட்பட, மணல் கட்டுமானத்திற்காக வண்டி வண்டியாக அள்ளப்பட்டது. அதில் காசு இருந்தாலும் அது இன்று ஏதோ ஒரு சுவரின் காரைக்குள் இருக்கும்.

இன்னொரு காரணம் இப்பகுதியின் தொழிலிலேயே உள்ளது. காஞ்சிபுரம், வாலாஜாபாத் சுற்றுவட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. பட்டுச்சேலையின் சரிகை, பட்டிழையின்மேல் வெள்ளிக்கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசப்பெறுவது. பழஞ்சேலையை விலைக்கு வாங்கிச் சரிகையை உருக்கி வெள்ளி பிரிப்பது இங்கு இன்றும் நடக்கும் வணிகம். பழைய வெள்ளி எவ்வடிவில் வந்தாலும் எடைபோட்டு உலைக்கு அனுப்பும் ஓர் ஊரில், அறியா எழுத்துடைய வெள்ளிக்காசு ஒன்று பேழைக்குச் செல்வதைவிட உலைக்குச் செல்வதே எளிது. அமராவதியில் காசு மிகுதி, பாலாற்றில் இன்மை என்ற வரைபடம் பண்டைய வணிகத்தின் வரைபடமாகப் படிக்கப்படுமானால், அது மணல் அரிப்போரும் நாணய வணிகரும் ஒரு சேகரிப்பாளரும் ஒன்றுகூடிய இடத்தின் வரைபடமே என்பது மறக்கப்படுகிறது. இலங்கையின் தென்பகுதியில் அக்குருகொடவில் புதையல் தேடுவோர் வெளிக்கொணர்ந்த காசுகளும் இவ்வாறே ஒரு வட்டாரத்தை வரைபடத்தில் பெரிதாக்கியுள்ளன.

பதிவின் தேவை

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியைத் தடைசெய்கிறது. ஆற்றில் ஒற்றைக்காசு கண்டெடுப்பவர் அறிவிப்பதால் தொல்லை வரும் என்று அஞ்சுகிறார். ஆகவே கிடைப்பிடத்தை மறைக்கிறார், அல்லது மாற்றிச் சொல்கிறார். சட்டம் காசைக் காக்க முயல்கையில் காசின் ஊர் இவ்வாறு தொலைகிறது. தனியார் சேகரிப்பு இல்லாதிருந்தால் பெருவழுதியும் மாக்கோதையும் உருகியிருப்பர் என்பதும், தனியார் சேகரிப்பின் தேவையே கிடைப்பிடத்தைப் பொய்யாக்கத் தூண்டுகிறது என்பதும் ஒருங்கே உண்மை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இவ்விடத்தில் செய்யத்தக்கது உண்டு. தனியார் பேழைகளிலுள்ள காசுகளை உரிமை பற்றிய வினாவைத் தனியே வைத்து ஆவணப்படுத்தலாம். ஒவ்வொரு காசுக்கும் எடை நூறில் ஒரு கிராம் நுட்பத்துடனும், விட்டம், தடிமன், முகப்புக்கும் பின்புறத்திற்கும் இடையிலுள்ள அச்சுத்திசை, இருபுற நிழற்படம் ஆகியவற்றுடனும் குறிக்கப்பட வேண்டும். தூய்மை செய்வதற்கு முந்தைய நிலையும் வாங்கிய ஆண்டும் உடன்வந்த காசுகளும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும். கிடைப்பிடத்தை ஒரே சொல்லில் எழுதாமல், அகழாய்வில் கிடைத்தது, கண்டெடுத்தவரே சொன்னது, வணிகர் சொன்னது, குடும்பத்தார் நினைவில் இருப்பது என நான்கு தரங்களாகப் பிரித்துக் குறித்தல் நன்று. கரூர் என்று இதுவரை ஒரே சொல்லால் வழங்கப்பட்ட காசுகளை இத்தரங்களின்படி மறுபடியும் பிரித்தால், முதலிரு தரங்களில் நிற்கும் கிரேக்கக் காசுகளைக் கொண்டே கி.மு. நூற்றாண்டுகளின் யவனத் தொடர்பைப் பேச இயலும். ஏனையவை அதுவரை துணைச்சான்றாகவே நிற்கும்.